பகலில் வைத்த இரவு

அந்தக் குடும்பத்தில் எல்லோருக்கும் அவள் லேப் அத்தை. அண்ணன் பிள்ளைகள் சின்ன வயதில் வைத்த பெயர் அது. அத்தை காலையில் லேபுக்குப் போவாள், சாயங்காலம் லேபிலிருந்து வருவாள், ஆகையால் லேப் அத்தை. பிள்ளைகள் வளர்ந்து அவர்களுக்கே தலை நரைத்துவிட்டது. லேபும் இல்லை. பெயர் மட்டும் கெட்டியாக ஒட்டிக்கொண்டுவிட்டது. மருந்துக்கடைக்காரர்கூட அவளை லேப் அம்மா என்றுதான் கூப்பிடுகிறார், ரத்தப் பரிசோதனை செய்கிறவள் என்று நினைத்துக்கொண்டு. அவள் திருத்துவதில்லை. திருத்த ஆரம்பித்தால் முழுக்கதையையும் சொல்லவேண்டி வரும், பின்னால் நிற்கிறவர்கள் முறைப்பார்கள்.

முழுக்கதை ஓர் இலையில் ஆரம்பிக்கிறது.

பள்ளிப்படிப்பை முடித்துவிட்டு, தட்டச்சு வகுப்பில் சேர்ந்து, விரல் வலிக்கிறது என்று அதையும் விட்டுவிட்டு அவள் வீட்டில் உட்கார்ந்திருந்த காலம். அப்பா இல்லை. அண்ணன் பஸ் கண்டக்டர். வீடு அவன் சம்பளத்தில்தான் ஓடியது, அவன் சொல்படியும் ஓடியது. ஊர் முடிகிற இடத்தில், டிப்போவுக்கு அப்பால், புல்கூட முளைக்க யோசிக்கிற பொட்டல் ஒன்று இருந்தது. அங்கே வறட்சிச் செடிகளை ஆராய்கிற நிலையம் ஒன்று நடந்துகொண்டிருந்தது. லேபில் உதவிக்கு ஆள் வேண்டும் என்று டிப்போ பலகையில் ஒட்டியிருந்ததைப் பார்த்துவிட்டு அண்ணன்தான் வந்து சொன்னான்.

நிலையத்தின் தலைவியை எல்லோரும் டாக்டரம்மா என்பார்கள். காய்ச்சலுக்கு மருந்து கொடுக்கிற டாக்டர் இல்லை, செடி டாக்டர். கழுத்தளவு வெட்டிய தலைமுடி, குதிகால் தேய்ந்த செருப்பு, ஒரு வாக்கியம் முடிவதற்குள் அடுத்ததை ஆரம்பித்துவிடுகிற அவசரம். அவள் கேள்வி எதுவும் கேட்கவில்லை. வாசல் தொட்டியிலிருந்து தடித்த இலை ஒன்றைக் கிள்ளிக் கொடுத்தாள்.

"மென்னு பாரு. பிடிக்கலைன்னா துப்பிடு."

புளித்தது. பல் கூசுகிற புளிப்பு. அப்படியே சொன்னாள். சாயங்காலம் வரச்சொல்லி அனுப்பினாள் டாக்டரம்மா. வந்ததும் அதே தொட்டியிலிருந்து இன்னோர் இலை. மென்றால் புளிப்பே இல்லை, சப்பென்று பச்சைத்தண்ணீர் மாதிரி இருந்தது. அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"காலைல நீங்க வேற செடி குடுத்தீங்க. இது அது இல்லை."

டாக்டரம்மா சிரித்துவிட்டு, நாளையிலிருந்து வந்துவிடு என்றாள். அன்றைக்கு வந்த மற்றவர்கள் எல்லோரும் ஆமாம் மேடம், அற்புதம் மேடம் என்று தலையாட்டிவிட்டுப் போனார்களாம். சண்டைக்கு வந்தது இவள் ஒருத்திதான்.

சாதாரணச் செடிகள் பகலில் இலையின் துளைகளைத் திறந்துவைத்துக் காற்றிலிருக்கிற கரியமில வாயுவை இழுத்துக்கொள்கின்றன, வெளிச்சத்தை வைத்து அதைச் சர்க்கரையாக்குகின்றன. ஆனால் துளை திறந்திருந்தால் வாயு உள்ளே வருகிற அதே வழியாகத் தண்ணீர் ஆவியாகி வெளியே போய்விடும். ஈரமான ஊரில் அது பெரிய நஷ்டமில்லை. கொதிக்கிற பொட்டலில் அதுவே உயிருக்கு உலை. அதனால் சில செடிகள் பகல் முழுக்கக் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்துவிட்டு, குளிர்ந்த பிறகு ராத்திரியில் திறக்கின்றன. வெளிச்சம் இல்லாததால் அந்த வாயுவை உடனே சமைக்க முடியாது. அமிலமாக மாற்றிச் சேர்த்துவைத்துக்கொள்கின்றன. விடிந்ததும் கதவைச் சாத்திவிட்டு, சேர்த்ததை உள்ளேயே பிரித்தெடுத்துச் சர்க்கரை செய்துகொள்கின்றன. காலையில் இலை புளிப்பதும் சாயங்காலம் சப்பென்று ஆவதும் அதனால்தான். இதை டாக்டரம்மா அவளுக்கு நடந்துகொண்டே சொன்னாள். அவளுக்குப் பாதிதான் புரிந்தது. மீதிப் பாதி இலைகளோடு பழகப் பழகப் புரிந்தது.

நிலையத்தின் பின்பக்கம் ஜன்னலே இல்லாத அறை ஒன்று இருந்தது. அதற்கு இரண்டு கதவுகள். ஒன்றைத் திறந்து, நுழைந்து, சாத்திவிட்டு, நடுவே தொங்குகிற கறுப்புத் திரையை விலக்கிக்கொண்டு இன்னொன்றைத் திறக்கவேண்டும். ராத்திரியில் மூச்சு விடுகிற செடியை ஆராயவேண்டுமென்றால் ராத்திரியெல்லாம் கண்விழிக்கவேண்டும் அல்லவா? அதற்காகத்தான் அந்த அறை. உள்ளே பொழுது தலைகீழ். ஊருக்கு ராத்திரியானதும் அங்கே பெரிய விளக்குகள் எரிந்து பகலாகிவிடும். காலையில் ஆபீஸ் திறக்கிற நேரத்துக்கு விளக்கு அணைந்து, அறை குளிர்ந்து, செடிகளுக்கு ராத்திரி ஆரம்பிக்கும். ஆட்கள் சாப்பிட்டுத் தூங்கித் தெம்பாக வந்து அந்த ராத்திரியில் வேலை செய்வார்கள். கண்ணுக்குக் கொஞ்சமாவது தெரியவேண்டுமே என்று மங்கலான பச்சை விளக்கு ஒன்று மூலையில் எரியும். பச்சை வெளிச்சத்தைச் செடிகள் அவ்வளவாகக் கண்டுகொள்வதில்லை.

அந்தப் பச்சை இருட்டில்தான் அவளுக்கு வேலை. குறித்த நேரத்துக்கு ஒவ்வொரு தொட்டியிலிருந்தும் இலை வெட்டி, வெளி லேபுக்குக் கொண்டுபோய்க் கொதிநீரில் போட்டு அரைத்து வடிகட்டி, கண்ணாடிக் குழாயிலிருந்து, அமிலத்தை முறிக்கிற காரத்தைச் சொட்டுச்சொட்டாக விடவேண்டும். திரவம் இளஞ்சிவப்பாக மாறுகிற வரைக்கும் எத்தனை சொட்டு பிடிக்கிறதோ அத்தனை அமிலம். உள்ளே ஓர் இலையைக் கண்ணாடிப் பெட்டியில் பூட்டியிருப்பார்கள். அந்த இலை மூச்சு இழுத்தால் சுருள் காகிதத்தில் பேனா முள் மேலே ஏறும். இருட்டில் அந்த முள் காகிதத்தைப் பிராண்டுகிற சத்தம் அவளுக்கு ரொம்பப் பிடிக்கும். யாரோ பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாக எழுதிக்கொண்டிருப்பது போல இருக்கும்.

அந்த அறைக்கு இன்னோர் ஆளும் வந்துபோவார். அறையின் சூடு, குளிர், ஈரம் எல்லாம் அவர் பொறுப்பு. ஏசி மெக்கானிக். வேலை செய்கிறபோது வாய்க்குள் ஏதோ ஒரு ராகத்தை முனகிக்கொண்டே இருப்பார், திடீரென்று நிறுத்திவிடுவார். ஏசிக்குள் இரைந்து இரைந்து நிற்கிற கம்ப்ரசரும் அப்படித்தான், அதனால் அவருக்கும் கம்ப்ரசர் என்றே பட்டப்பெயர். மணிக்கொரு தரம் உள்ளே வந்து டயலைப் பார்ப்பார், "சரியா இருக்கு" என்பார், போய்விடுவார். இருட்டில் அந்த இரண்டு வார்த்தை. வெளிச்சத்தில் எதிரே வந்தால் அதுவும் கிடையாது. பாதையை மாற்றிக்கொண்டு செடிகளுக்கு நடுவே புகுந்து போய்விடுவார். ஒருமுறை முள் குத்திக்கொண்டு நொண்டிக்கொண்டே போனதை அவள் பார்த்திருக்கிறாள்.

அவர் கால் வைக்கிற சத்தத்தைக் கொண்டே மணி என்ன என்று சொல்லும் அளவுக்கு அவளுக்குப் பழகிவிட்டது. மணி பார்ப்பதற்காகத்தான் காத்திருக்கிறோம் என்று கொஞ்ச நாள் தன்னையே ஏமாற்றிக்கொண்டிருந்தாள்.

இந்தச் செய்தி வீட்டுக்கு வேறு மாதிரி போய்ச் சேர்ந்தது. டிப்போ கேன்டீனில் யாரோ அண்ணன் காதில் போட்டுவிட்டார்கள். பட்டப்பகலில் கதவு ரெண்டையும் சாத்திக்கொண்டு, கறுப்புத் திரை போட்டுக்கொண்டு, இருட்டில் ஒரு பெண்ணும் ஓர் ஆணும் அப்படி என்ன வேலை பார்க்கிறார்கள் என்று கேட்டார்களாம். அண்ணன் அன்றைக்கு டியூட்டி முடிந்து வந்து சட்டையைக்கூடக் கழற்றவில்லை.

"உண்மையைச் சொல்லு. அங்க என்ன நடக்குது?"

"ராத்திரி நடக்குது."

"பகல்லயா?"

"ஆமா. செடிக்கு."

அண்ணன் அம்மாவைப் பார்த்தான். காதில் பூச்சுற்றுகிறாள் பார் என்கிற பார்வை. அவள் விளக்கிச் சொல்லச் சொல்ல விஷயம் இன்னும் சிக்கலாகிக்கொண்டே போனது. கடைசியில் அவன், நானே ஒருநாள் வந்து பார்க்கிறேன், அதுவரைக்கும் போ, அதற்கப்புறம் போவதா வேண்டாமா என்று நான் சொல்கிறேன் என்று முடித்துவிட்டான். அவளுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. வேலை போய்விடும் என்பதற்கா, அந்தக் காலடிச் சத்தம் போய்விடும் என்பதற்கா என்று கேட்டால் அவளாலேயே பிரித்துச் சொல்ல முடியாது.

அப்போது உள்ளே இருந்தது குண்டுச்செடி. சதைப்பிடிப்பான இலை, குட்டை உடம்பு, அதனால் லேபில் அந்தப் பெயர். அது ஒரு வினோதம். தண்ணீர் தாராளமாகக் கிடைக்கிறவரை மற்றச் செடிகளைப் போலப் பகலில்தான் கதவைத் திறக்கும். தண்ணீரை நிறுத்திவிட்டால் கொஞ்ச நாள் தாக்குப்பிடித்துப் பார்த்துவிட்டு, தன் வழக்கத்தையே மாற்றிக்கொண்டு ராத்திரியில் திறக்க ஆரம்பித்துவிடும். மறுபடி தண்ணீர் கொடுத்தால் எவ்வளவு சீக்கிரம் பழைய வழக்கத்துக்குத் திரும்பும் என்பதுதான் டாக்டரம்மாவின் கேள்வி. தண்ணீரை நிறுத்தியிருந்தார்கள். இலைகள் துவண்டு, பிறகு தேறி, அவள் விடுகிற சொட்டுகள் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடிவந்தன. முள்ளும் இருட்டில் ஏறத் தொடங்கியிருந்தது. இன்னும் சில நாளில் தண்ணீர் ஊற்றவேண்டும். அதுவரை அந்த ராத்திரிகள் ஒன்றுகூடக் கெடக்கூடாது. ராத்திரி சூடாகிவிட்டால் செடி சரியாகத் திறக்காது, சேர்த்துவைக்காது. அத்தனை வார உழைப்பும் பாழாகிவிடும்.

அண்ணன் வந்த அன்றைக்குத்தான் மிஷின் நின்றது.

அக்கினியை வாரிக் கொட்டுகிற வெயில். முற்பகலில் கூரைமேல் ஒரு சத்தம், அப்புறம் மௌனம். எப்போதும் கேட்டுக்கொண்டிருக்கிற ரீங்காரம் நின்றதும் அவள் கத்தரியை வைத்துவிட்டு டயலைப் பார்க்க ஓடினாள். கம்ப்ரசர் ஓடிவந்து, வெளிப்பக்க விசிறி மோட்டார் எரிந்துவிட்டது, மாற்றுவதற்குச் சாயங்காலம் ஆகும் என்றார். அதற்குள் அறை அடுப்பாகிவிடும்.

ஐஸ் வைக்கலாம் என்றாள் டாக்டரம்மா. ஐஸ் கரைந்தால் அறையெல்லாம் ஈரமாகும், வறட்சிக் கணக்கும் கெட்டுப்போகும் என்றார் கம்ப்ரசர். மூடி இறுக்கமான டின்னுக்குள் ஐஸை வைத்தால் குளிர் மட்டும் வெளியே வரும் என்று அவரே சொன்னார். டின் மேல் முத்து முத்தாக வியர்க்கிற தண்ணீரை மட்டும் துடைத்துத் துடைத்து வெளியே பிழிந்துவிடவேண்டும். விதை போட்டுவைக்கிற டின்கள் ஸ்டோரில் அடுக்கடுக்காக இருந்தன. ஐஸ் ஃபேக்டரிக்கு வேன் பறந்தது. கம்ப்ரசர் டூல் பெட்டியோடு கூரைக்கு ஏறிவிட்டார்.

வேன் திரும்பி வந்து ஐஸ் பாளங்களை இறக்குகிற அந்த நேரம் பார்த்து, காக்கிச் சட்டையும் கடுகடுத்த முகமுமாக அண்ணன் வாசலில் வந்து நின்றான். டாக்டரம்மா அவனை ஏற இறங்கக்கூடப் பார்க்கவில்லை.

"ஐஸ் ஃபேக்டரியா? ஏன் வேடிக்கை பார்த்துட்டு நிக்கறீங்க, பிடிங்க அதை."

பிடித்துவிட்டான். பஸ்ஸில் ஐம்பது பேரை ஒற்றைக் குரலில் அடக்குகிறவன், அந்த அம்மாளின் அவசரத்துக்கு முன்னால் வாயே திறக்கவில்லை. இரண்டு கதவையும் தாண்டி, திரையை விலக்கி, டின்னைக் கட்டிக்கொண்டு இருட்டுக்குள் வந்தான். உள்ளே தோட்டக்காரர், ஸ்டோர்க்காரர், டிரைவர் எல்லோரும் ஒருவர் மேல் ஒருவர் முட்டிக்கொண்டு டின்னை எங்கே வைப்பது என்று தெரியாமல் தடவிக்கொண்டிருந்தார்கள். இருட்டிலிருந்து ஒரு குரல் கணீரென்று வந்தது:

"உள்ள போங்க, உள்ள போங்க. நடுவுல நிக்காதீங்க."

பழக்கதோஷம். ஆனால் கூட்டம் தானாக நகர்ந்து வழிவிட்டது. அந்தக் குரலை அவள் அடையாளம் கண்டுகொண்டாள். அண்ணா என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் துணியும் வாளியும் அவன் கைக்கு வந்துவிட்டன. அவனும் துடைக்க உட்கார்ந்துவிட்டான்.

அவன் துடைத்துக்கொண்டே இருட்டுக்குக் கண்ணைப் பழக்கி ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். தங்கை தெரிந்தாள். கத்தரியும் கையுமாகத் தொட்டிதோறும் குனிந்து நிமிர்ந்துகொண்டிருந்தாள். மற்றவர்களில் யார் அந்த மெக்கானிக் என்று மட்டும் அவனுக்குப் பிடிபடவில்லை. கடைசியில் டிரைவரிடம் மெதுவாகக் கேட்டான். கூரையைக் காட்டினார் டிரைவர்.

பிறகு நடந்ததை அண்ணன் நூறு தடவை சொல்லியிருக்கிறான், அதனால்தான் அத்தைக்குத் தெரியும். அவன் ஒரு சொம்புத் தண்ணீரை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறினான். தகரக்கூரை கால் வைக்க முடியாமல் கொதித்தது. அங்கே ஓர் ஆள் சாக்கை விரித்து அதன்மேல் மண்டிபோட்டு, டாக்டரம்மாவின் சொந்த அறை ஏசியிலிருந்து கழற்றிக்கொண்டு வந்த மோட்டாரைப் பொருத்திக்கொண்டிருந்தார். இரண்டு உள்ளங்கையும் கொப்பளித்திருந்தன. இந்த வெயிலில் உயிரை விடவேண்டுமா, சாயங்காலம் செய்தால் ஆகாதா என்று அண்ணன் கேட்டான்.

ஐஸ் கொண்டுவந்த ஆள்தானே என்று அவர் மனம்விட்டுப் பேசிவிட்டார். யாரென்று தெரியாத ஆளிடம் பேச வருகிற மனிதர் அவர்.

"உள்ள ஒருத்தங்க இருக்காங்க. எத்தனையோ வாரமா அந்தச் செடிங்களைக் கண்ணுக்குள்ள வச்சுப் பார்த்துக்கிட்டாங்க. இது போச்சுன்னா நான் அவங்க மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

அண்ணன் அவர் உள்ளங்கைகளைப் பார்த்தான். சொம்பை நீட்டினான்.

"அவங்ககிட்ட இதைச் சொன்னியா?"

"எதைச் சொல்றது? உள்ள இருட்டு. வெளிய வந்தா எனக்குப் பேச்சு வராது."

விசிறி சுற்ற ஆரம்பித்ததும் அண்ணன் இறங்கிவந்து, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டான். டாக்டரம்மா பின்னால் ஐஸ் ஃபேக்டரிக்கு ஃபோன் போட்டு, நல்ல ஆளாக அனுப்பினீர்கள் என்று பாராட்டினாளாம். அவர்கள் தலைகால் புரியாமல் நன்றி சொன்னார்களாம். அந்தக் கோடை முழுக்க டாக்டரம்மா தன் அறையில் பழைய சுற்றறிக்கைகளால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வீட்டில் அண்ணன் அம்மாவிடம் சொன்னது இவ்வளவுதான்: "செடிதாம்மா வளர்க்கறாங்க." அவளிடம், நான் வந்தேன் என்று அங்கே யாருக்கும் சொல்லாதே என்றான். ஏன் என்று கேட்டதற்கு, சொல்லாதே என்றால் சொல்லாதே என்றான். அவளும் சொல்லவில்லை.

ராத்திரி பிழைத்துவிட்டது. அன்றைய சொட்டுகள் முந்திய நாளைவிட ஒரு மயிரிழைகூடக் குறையவில்லை. சில நாள் கழித்து எல்லோரும் பார்த்திருக்க டாக்டரம்மா குண்டுச்செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினாள். வறண்ட மண் தண்ணீரைக் குடித்த சத்தம் அறை முழுக்கக் கேட்டது. அடுத்தடுத்த ராத்திரிகளில் முள் ஏறுவது குறைந்துகொண்டே வந்து, படுத்துவிட்டது. சொட்டுகளும் இறங்கின. அறையின் பகல் நேரத்தில் முள் எழுந்தது. ஒரு வாரம் ஆவதற்குள் செடிகள் ஒன்றும் நடக்காதது போலப் பழைய பிழைப்புக்குத் திரும்பிவிட்டன. டாக்டரம்மா சுருள் காகிதத்தைத் தரையில் நீளமாக உருட்டிவிட்டு அதன் பக்கத்தில் மண்டிபோட்டு ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் பார்த்துக்கொண்டே போனாள். ஒரு பெரிய மனுஷி தரையில் தவழ்ந்ததை அன்றைக்குத்தான் பார்த்தோம் என்பாள் அத்தை.

அன்று சாயங்காலம் சைக்கிள் ஸ்டாண்டில் கம்ப்ரசர் பூட்டைத் திறந்துகொண்டிருந்தார். ஓட வழியில்லை, இரண்டு பக்கமும் சைக்கிள். அவள் எதிரே போய் நின்றாள்.

"உங்களுக்கு வெளிச்சத்துல பேசவே வராதா?"

அவர் பூட்டையே பார்த்தார்.

"வரும். கொஞ்சம் நேரமாகும்."

"எவ்வளவு நேரம்?"

"நாளைக்கு உங்க வீட்டுக்கு வரேன். அதுக்குள்ள வந்துடும்."

மறுநாள் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்து கதவைத் தட்டினார். திறந்தது ஐஸ்காரர். கம்ப்ரசருக்கு மனப்பாடம் எல்லாம் ஒரே நொடியில் ஆவியாகிவிட்டது. வீடு மாறி வந்துவிட்டோம் என்று திரும்பப் போனவரை அண்ணன் கையைப் பிடித்து உள்ளே இழுத்தான்.

"நீ பேச வேண்டியதெல்லாம் அன்னிக்கே கூரைல பேசிட்டே. உக்காரு, காபி குடி."

அப்புறம் அவர்கள் வாழ்க்கை மற்ற எல்லோருடைய வாழ்க்கையும் போலத்தான். இரண்டு பெண் குழந்தைகள், வாடகை வீடுகள், அம்மாவின் மூட்டுவலி, பிள்ளைகளின் பரீட்சை. காலையில் இரண்டு பேரும் ஒரே சைக்கிளில் நிலையத்துக்குப் போவார்கள். பகலெல்லாம் அவள் இருட்டிலும் அவர் கூரையிலும். எத்தனையோ செடிகள் அந்த அறைக்கு வந்தன, போயின. அவளே புதிதாக வருகிறவர்களுக்குச் சொட்டு விடக் கற்றுக்கொடுக்கிற அளவுக்கு ஆனாள். டாக்டரம்மா ஓய்வுபெற்று வேறோர் ஊரில் தங்கை வீட்டுக்குப் போனாள். புதுவருஷத்துக்கு ஃபோன் வரும், முதல் கேள்வி மிஷின் எப்படி இருக்கிறது என்பதுதான். ஒரு வருஷம் வரவில்லை.

அதற்குச் சில காலம் கழித்து நிலையத்தை மூடினார்கள். கைக்கு அடக்கமான கருவி வந்துவிட்டது, ஆராய்ச்சி எல்லாம் பெரிய ஊர்களுக்குப் போய்விட்டது என்றார்கள். அறையைப் பிரிக்கிற வேலை கம்ப்ரசருக்கே வந்தது. வேறு யாரும் தொட்டால் ஒழுங்காகக் கழற்ற மாட்டார்கள் என்று அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். அவள் அன்றைக்குப் போகவில்லை. வீட்டில் உட்கார்ந்து தேவையில்லாமல் பாத்திரங்களையெல்லாம் எடுத்துத் தேய்த்தாள்.

சென்ற மாதம், கண் ஆஸ்பத்திரிக்குப் போன வழியில் இரண்டு பேரும் டிப்போ ஸ்டாப்பில் இறங்கி நடந்துபோய்ப் பார்த்தார்கள். பொட்டல் இல்லை. மாடிமாடியாக வீடுகள். வாசல் காவலாளி யாரைப் பார்க்கவேண்டும் என்று கேட்டார், யாரையும் இல்லை என்றதும் நாற்காலியில் மறுபடி உட்கார்ந்துவிட்டார். கம்ப்ரசர் கையை நெற்றியில் வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்து, நம்ம கூரை அந்த இரண்டாவது மாடி உயரத்தில்தான் இருந்தது என்று விரலால் காட்டினார். அந்த உயரத்தில் யாரோ ஒரு பெண் பால்கனியில் போர்வையை உதறிக்கொண்டிருந்தாள்.

அத்தைக்குக் கட்டடம் போனதில் அவ்வளவு வருத்தமில்லை. அவள் நினைத்துக்கொண்டது வேறு. ஒரு முழு ராத்திரி வேலை பார்த்துவிட்டு, கண் கூச வெளியே வந்தால், அங்கே ஒரு சாயங்காலம் தொடாமல் அப்படியே மிச்சம் இருக்கும். வெயில் தணிந்து, கம்பி வேலியின் நிழல் நீண்டு, இருபத்திரண்டு வயதும், வீட்டுக்குப் போக அவசரமில்லாத ஒரு மணி நேரமும் இருக்கும். அந்த மாதிரி மிச்சச் சாயங்காலம் அதற்கப்புறம் எங்கேயும் அவளுக்குக் கிடைக்கவில்லை. இதை அவள் அவரிடம் சொன்னாள். இத்தனை வருஷம் மிஷின் பக்கத்திலேயே நின்று நின்று அவருக்குக் காது மந்தமாகிவிட்டது.

"என்ன சொன்னே?"

இன்னொரு தடவை சொல்லலாமா என்று யோசித்தாள். தெருமுனையில் அவர்கள் பஸ் திரும்பிக்கொண்டிருந்தது.

"பஸ் வருதுன்னு சொன்னேன்," என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு சாலையைக் கடந்தாள்.